'ஹேஸ் கான்', 'ஹேஸ் பீன்': ஆள் ஊரில் இருக்கிறாரா, இல்லையா?

பின்னலாடை_வினோ · திங்கள், இரவு 9:12

திருப்பூரில் ஒரு பனியன் எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசிங் பிரிவில் இருக்கிறேன். போன வாரம் ஒரே ஒரு வார்த்தையால் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் மேனேஜர் துணி விஷயமாக டாக்கா போயிருந்தார். இங்கிலாந்து பையர் நேவி ப்ளூ லேப் டிப் (நிறம் ஓகே வாங்கச் சாயம் போட்டு அனுப்பும் மாதிரித் துணி) என்ன ஆயிற்று என்று கேட்டு மெயில் போட்டார். நான் எழுதிய பதில்: "தி மேனேஜர் ஹேஸ் பீன் டு டாக்கா. ஹி வில் செக் தி லேப் டிப்ஸ்." டாக்கா போயிருக்கிறார், வந்து பார்ப்பார் என்ற அர்த்தத்தில்தான் எழுதினேன். பையர் என்ன புரிந்துகொண்டார் தெரியுமா? ஆள் திரும்பி வந்தாயிற்று என்று! மறுநாள் அவர்களுக்குக் காலை பத்து, நமக்கு மதியம் இரண்டரை மணிக்கு வீடியோ மீட்டிங் போட்டு, இருபது நிமிடம் காத்திருந்து கட் செய்துவிட்டார். அப்ரூவல் இரண்டு நாள் தள்ளிப்போனது. டையிங்கில் எங்களுக்கு ஒதுக்கிய மெஷினில் வேறு ஆர்டரை ஏற்றிவிட்டார்கள்.

பக்கத்து சீட்டில் இருப்பவர் "ரெண்டும் ஒண்ணுதான், அவங்களுக்குத்தான் புரியல" என்கிறார். 'கான்' போட்டிருந்தால் மட்டும் சரியாகியிருக்குமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய_வாத்தியார் · திங்கள், இரவு 9:47

இரண்டும் ஒன்றல்ல, வினோ. 'கோ' என்ற வினைக்கு பெர்ஃபெக்ட் டென்ஸில் இரண்டு உருவம் உண்டு. 'ஹேஸ் கான்' என்றால் போனார், இன்னும் வரவில்லை. 'ஹேஸ் பீன்' என்றால் போனார், வந்தும்விட்டார். உங்கள் பையர் சரியாகத்தான் படித்திருக்கிறார்.

வகுப்பில் நான் இதற்கு விதி எதுவும் எழுதிப் போட்டதில்லை. ஒரு பையனை வெளியே அனுப்பித் தண்ணீர் குடித்துவிட்டு வரச் சொல்வேன். அவன் கதவைத் தாண்டியதும் அவனுடைய காலி இடத்தைக் காட்டி "ஹி ஹேஸ் கான் டு தி டேப்" என்பேன். வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததும் "ஹி ஹேஸ் பீன் டு தி டேப்". பெஞ்சு காலியா, ஆள் இருக்கிறானா, அவ்வளவுதான் கேள்வி. 31 வருடத்தில் இதை மறந்த பையன் குறைவு. தண்ணீர் குடிக்கப் போனவன் அப்படியே வீட்டுக்கு ஓடிப்போனதும் நடந்திருக்கிறது, அது வேறு கதை.

(கான் என்றதும் காடு என்று படித்துவிடாதீர்கள். கோ, வென்ட், கான் வரிசையில் மூன்றாவது.)

குரூப்2_கனவு · திங்கள், இரவு 10:20

சார், கோச்சிங் நோட்டில் வேறு மாதிரி இருக்கிறது. 'ஐ', 'வி', 'யூ' மூன்றுக்கும் பின்னால் 'ஹேவ் கான்' வரவே கூடாது, வந்தால் அந்த ஆப்ஷனை அடித்துவிடு என்று சிவப்பு மையில் எழுதிக்கொடுத்தார்கள். அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளட்டுமா?

பழைய_வாத்தியார் · திங்கள், இரவு 10:31

காரணம் தெரிந்தால் மனப்பாடம் தேவையில்லை. பேசுகிற நான் இங்கே இருக்கிறேன், கேட்கிற நீயும் என் முன்னால் இருக்கிறாய். "நான் போய்விட்டேன், இன்னும் வரவில்லை" என்று நானே எப்படிச் சொல்ல முடியும்? அதனால் "ஐ ஹேவ் கான் டு ஊட்டி" விடைத்தாளில் தப்பு.

ஸ்கார்பரோ_தம்பியன் · செவ்வாய், காலை 6:05

ஐயா சொல்வதோடு பாதிதான் ஒத்துப்போகிறேன். யாழ்ப்பாணத்தில் படித்துவிட்டு இருபத்திரண்டு வருடமாகக் கனடாவில் இருக்கிறன். இங்கே பிறந்த என் மகள் "ஐ ஹேவ் கான் தேர் லைக் த்ரீ டைம்ஸ்" என்று என் முன்னால் இருந்துகொண்டே கதைக்கிறாள். அவளுக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. திருத்தப் போனால் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்க்கிறாள். எத்தனை தரம் என்று எண்ணும்போது, திரும்பத் திரும்பச் செய்ததைச் சொல்லும்போது வட அமெரிக்காவில் 'கான்' தாராளமாக வரும். "ஐ ஹேவ் கான் டு த ஜிம் எவ்ரி டே திஸ் வீக்" என்றால் ஆள் இன்னும் ஜிம்மில் கிடக்கிறார் என்று ஒருவரும் நினைக்கமாட்டார்கள்.

இன்னொன்று. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் மனைவி ஒட்டிவைக்கிற துண்டு: "ஹேவ் கான் டு த ஸ்டோர்." எழுதுகிற நேரம் அவ வீட்டில்தான் நிற்கிறா. நான் வாசிக்கிற நேரம் அவ இல்லை. 'ஐ'யோடு 'கான்' வரவே கூடாது என்கிற சிவப்பு மை இங்கே என்ன செய்யும்?

பழைய_வாத்தியார் · செவ்வாய், காலை 7:15

ஃபிரிட்ஜ் துண்டை ஒப்புக்கொள்கிறேன். நல்ல உதாரணம், முப்பது வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை. மகளின் வாக்கியத்தையும் தப்பு என்று சொல்லமாட்டேன். ஆனால் தேர்வு எழுதுகிற பிள்ளைக்கு நாலு ஆப்ஷனில் ஒன்றைத்தான் தட்ட முடியும். குரூப்2, பரீட்சை முடியும்வரை உன் சிவப்பு மையையே நம்பு.

சொல்லாய்வு_செல்வி · செவ்வாய், காலை 10:40

தடுமாற்றம் எங்கிருந்து வருகிறது என்பதை யாரும் இன்னும் தொடவில்லை. தமிழில் 'போயிருக்கிறார்' ஒன்றே இரண்டு வேலையும் பார்க்கிறது.

"அப்பா எங்கே?" "மதுரைக்குப் போயிருக்கிறார்." இது 'ஹேஸ் கான்'. அப்பா வீட்டில் இல்லை.
"அப்பா மதுரைக்கு நாலு தடவை போயிருக்கிறார்." இது 'ஹேஸ் பீன்'. அப்பா ஈஸி சேரில் பேப்பர் படித்துக்கொண்டிருக்கலாம்.

வினை ஒரு எழுத்துகூட மாறவில்லை. 'நாலு தடவை', 'எப்பவாவது', 'சின்ன வயசில்' என்று கூட வரும் சொல்தான் ஆள் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையை வினையே செய்தாக வேண்டும். வினோ தமிழில் யோசித்த வாக்கியத்தில் பிசகே இல்லை. ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் ஒரு பாதை இரண்டாகப் பிரிந்தது, தவறான கிளையில் திரும்பிவிட்டார்.

அதற்காகத் தமிழில் இந்த வேறுபாடே கிடையாது என்று நினைத்துவிட வேண்டாம். வினோவின் முதல் பதிவையே பாருங்கள்: "டாக்கா போயிருந்தார்" என்று எழுதியிருக்கிறார். 'போயிருந்தார்' என்ற உடனே மேனேஜர் இப்போது திரும்பிவிட்டார் என்று நான் எடுத்துக்கொண்டேன். சரிதானே? "ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போயிருந்தோம்" என்று சொல்கிறவர் மாமா வீட்டிலிருந்து அதைச் சொல்வதில்லை. 'போய்விட்டு வந்தேன்', 'போய் வந்திருக்கிறேன்' என்றும் நமக்கு இருக்கிறது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போறேன்' என்றால் பாட்டி முறைப்பார், 'போயிட்டு வர்றேன்' என்றுதான் சொல்ல வேண்டும். திரும்பி வருவதை வினைக்குள்ளேயே முடிந்துவைக்கிற மொழிக்கு 'பீன்' புரியாமல் போகாது.

பின்னலாடை_வினோ · செவ்வாய், மதியம் 1:22

ஆமாம், மேனேஜர் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டார். நான் அதைச் சொல்லவே இல்லை, 'போயிருந்தார்' என்பதிலேயே கண்டுபிடித்துவிட்டீர்களே!

குரூப்2_கனவு · செவ்வாய், மதியம் 2:03

அப்படியென்றால் 'போயிருந்தேன்' என்பதற்கு 'ஐ ஹேட் கான்' தானே? "எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு தி டெம்பிள்" என்றுதான் இத்தனை நாளாகப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

சொல்லாய்வு_செல்வி · செவ்வாய், மதியம் 2:30

நம் ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் பேசுகிறோம், நானும் அவசரத்தில் சொல்வேன். தமிழில் 'போயிருந்தேன்' தனியாக நிற்கும். ஆங்கிலத்தில் 'ஹேட் கான்' சாதாரணமாகத் தனியாக நிற்காது. பக்கத்தில் இன்னொரு பழைய சம்பவம் வேண்டும், அதற்கும் முந்தியது இது என்று காட்டத்தான் அந்த 'ஹேட்'. "நான் ஸ்டேஷனுக்கு வந்தபோது வண்டி போய்விட்டிருந்தது" என்ற இடத்தில் 'ஹேட் கான்' கச்சிதமாக உட்காரும். நேற்றுக் கோயிலுக்குப் போனதற்கு வெறும் 'ஐ வென்ட்' போதும். 'எஸ்டர்டே' என்று நாளைச் சொல்லிவிட்டால் 'ஹேவ் கான்', 'ஹேவ் பீன்' இரண்டுமே வராது.

துபாய்_ரிட்டர்ன் · செவ்வாய், இரவு 8:55

பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும். ஊருக்கு வந்ததும் முதல் இன்டர்வியூ, கம்பெனி பெயர் வேண்டாம். "டெல் அஸ் அபவுட் யுவர் எக்ஸ்பீரியன்ஸ்" என்றார்கள். "சார், ஐ ஹேவ் கான் டு துபாய் ஃபார் டூ இயர்ஸ்" என்றேன். நடுவில் உட்கார்ந்திருந்தவர் மேஜைக்குக் கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "அப்போ இங்கே உட்கார்ந்திருப்பது யார்?" என்று தமிழிலேயே கேட்டார். மூன்று பேரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். என்ன தப்பு என்று இன்றைக்குத்தான் புரிகிறது. வேலை கிடைக்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது கேட்கிறேன், "ஐ ஹேவ் பீன் டு துபாய் ஃபார் டூ இயர்ஸ்" என்று சொல்லியிருந்தால் சரியா?

பழைய_வாத்தியார் · செவ்வாய், இரவு 9:10

மேஜைக்குக் கீழே பார்த்ததெல்லாம் அதிகம். இன்டர்வியூவில் உட்கார்ந்துகொண்டு செய்கிற வேலையா அது?

நீங்கள் கேட்டதும் சரியாகாது. 'பீன் டு' என்பது போய்த் தொட்டுவிட்டு வருவது, அதோடு இரண்டு வருடக் கணக்கு ஒட்டாது. தங்கியிருந்ததைச் சொல்ல 'டு' இல்லை, 'இன்'. ஆனால் "ஐ ஹேவ் பீன் இன் துபாய் ஃபார் டூ இயர்ஸ்" என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று பொருள். உங்கள் கதை முடிந்துபோனது. "ஐ வொர்க்ட் இன் துபாய் ஃபார் டூ இயர்ஸ்" என்று நேராகச் சொல்லியிருக்கலாம். பெர்ஃபெக்ட் டென்ஸ் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துப் போய் விழுகிறவர்கள்தான் அதிகம்.

கேள்வி_கேட்பவன் · புதன், காலை 9:30

ஒரு சந்தேகம். 'பீன்' என்பது 'பி'யின் உருவம் ஆயிற்றே, 'இரு' என்ற அர்த்தம். 'கோ'வுக்கு நடுவில் அது எப்படி வந்து உட்கார்ந்தது? யார் உள்ளே விட்டது?

பாளையங்கோட்டை_பேரன் · புதன், காலை 11:18

'கோ' ஆரம்பத்திலிருந்தே பிறர் வீட்டு உருப்படிகளை எடுத்துக்கொண்டு நடக்கிற வினை. 'வென்ட்' அதனுடையதே அல்ல. 'வென்ட்' முதலில் 'வெண்ட்' என்று 'டி' எழுத்தில் முடியும் இன்னொரு வினையின் இறந்தகாலம். சென்ட், பென்ட், ஸ்பென்ட் எல்லாம் எப்படி வந்தனவோ அதே வரிசை. பழைய ஆங்கிலத்தில் 'கோ'வின் இறந்தகாலம் 'எயோடெ' என்று சம்பந்தமே இல்லாத ஒரு சொல். ஏறக்குறைய 15ஆம் நூற்றாண்டில் அதைத் தள்ளிவிட்டு 'வென்ட்' அந்த இடத்தைப் பிடித்தது. இறந்தகாலத்தையே கடன் வாங்கிய வினை, பெர்ஃபெக்டில் 'பீன்' ஒன்றையும் சேர்த்துக்கொண்டதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

இந்த 'பீன்' உண்மையில் 'கோ'வின் வேலையைத்தான் பார்க்கிறது என்பதற்குச் சாட்சி பக்கத்தில் நிற்கும் 'டு'. "ஐ ஆம் டு மதுரை", "ஐ வாஸ் டு மதுரை" என்று சொல்ல முடியாது. 'ஹேவ் பீன்' வந்தால்தான் 'டு மதுரை' ஒட்டுகிறது. 'டு' நகர்கிற வினைக்கு உரியது. 'பீன்' நகர்கிற வேஷம் போட்டிருப்பதால் அதைக் கூட்டிக்கொண்டு வருகிறது.

இன்னொரு பழைய கதையும் உண்டு. முன்பு ஆங்கிலத்தில் போதல், வருதல், ஆதல் போன்ற வினைகளுக்குப் பெர்ஃபெக்டில் பெரும்பாலும் 'ஹேவ்' வராது, 'பி'தான் வரும். எங்கள் ஊர் இங்கிலீஷ் ஆராதனையில் ஈஸ்டர் காலையில் "ஹி இஸ் ரிசன்" என்பார்கள். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளின் வாக்கு அது, 'ஹேஸ் ரிசன்' அல்ல. ஓப்பன்ஹைமர் 1965இல் டிவியில் கீதையை நினைவுகூர்ந்து "நவ் ஐ ஆம் பிகம் டெத்" என்று சொன்னாரே, அதை இலக்கணப் பிழை என்று திருத்துகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிழை இல்லை, அந்தப் பழைய 'பி' பெர்ஃபெக்ட். அதன் மிச்சம்தான் இன்றைய "ஹி இஸ் கான்". அது போன செயலைப் பற்றிப் பேசுவதில்லை, இல்லாமல் போன நிலையைச் சொல்கிறது. 'ஹீஸ் கான்' என்று சுருக்கிச் சொன்னால் அது 'இஸ்'ஸா 'ஹேஸ்'ஸா என்று காதுக்குத் தெரியாது.

புதுவை_பூங்கோதை · புதன், மதியம் 12:05

பிரெஞ்சில் இன்றும் அப்படித்தான். 'போ'வுக்கு முன்னால் 'இரு' வினைதான் துணை. கிளாஸில் இதற்குத் தலைகீழாக நிற்க வைத்தார்கள். ஆனால் பேச்சில் அவர்களும் "நான் பாரீஸில் இருந்திருக்கிறேன்" என்ற அமைப்பைப் போய்வந்ததற்குப் பயன்படுத்துகிறார்கள். 'பீன்' கதை இங்கிலீஷுக்கு மட்டும் சொந்தமில்லை.

எதுக்கு_இவ்வளவு · புதன், மாலை 6:40

இத்தனை ஆராய்ச்சி எதற்கு? நாம் பேசுவது இந்திய இங்கிலீஷ். புரிந்தால் போதும். வெள்ளைக்காரனுக்குத் தமிழில் வல்லினம் மிகுமா மிகாதா என்று எவனாவது பாடம் எடுக்கிறானா?

பின்னலாடை_வினோ · புதன், இரவு 7:25

புரிந்தால் போதும்தான். புரியவில்லையே, அதுதான் பிரச்சினை. என் தெருவில் என் இங்கிலீஷ் ஓடும். என் டி ஷர்ட் போய் இறங்குகிற இடத்தில் ஓடவில்லை. டையிங்கில் இழந்த இரண்டு நாளை யார் திருப்பித் தருவார்கள்?

ஸ்கார்பரோ_தம்பியன் · புதன், இரவு 8:02

'போய்' வந்தவர்களுக்குப் பேரே வைத்த ஊர்களும் இருக்கு. கானா, நைஜீரியா ஆக்கள் இங்கிலாந்து, அமெரிக்கா போய்ப் படித்துத் திரும்பி வந்த ஆளை 'பீன் டு' என்று சொல்லுவார்கள். "அவர் ஒரு பீன் டு." நம்மட 'ஃபாரின் ரிட்டர்ன்' மாதிரி. கொஞ்சம் மரியாதை, கொஞ்சம் நக்கல். வேலைத்தலத்தில் ஒரு கானாக்காரர் சொல்லித்தான் எனக்கும் தெரியும்.

வரவேற்பு_மேசை · புதன், இரவு 10:11

நான் ஒரு ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன். எந்த ஊர் என்று வேண்டாம். சேர்ந்த புதிதில் டூட்டி டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஒரு பேஷண்டின் மகன் பெங்களூரிலிருந்து போனில் கேட்டார். பெயரை விட்டுவிட்டு, பதற்றத்தில் "ஹி ஹேஸ் கான், சார்" என்று மட்டும் சொன்னேன். எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் ஒரு அழுகை. அவர் கேட்டது டாக்டரை, ஆனால் மனதில் இருந்தது அப்பா. தமிழிலும் 'போயிட்டார்' என்றால் அதே அர்த்தம் உண்டு என்பது எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. அன்றிலிருந்து போனில் 'கான்' சொல்வதே இல்லை. "டாக்டர் ஹேஸ் லெஃப்ட் ஃபார் தி டே" என்று முழுதாகச் சொல்கிறேன்.

சொல்லாய்வு_செல்வி · வியாழன், காலை 9:00

படித்ததும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நம் ஊர் 'கான் கேஸ்' எங்கிருந்து வந்தது என்பதும் இதிலேயே இருக்கிறது.

குரூப்2_கனவு · வியாழன், காலை 9:45

கடைசியாக ஒன்று. எல்லா 'கான்'னையும் திரும்பி வந்ததும் 'பீன்' ஆக்கிவிடலாமா?

பழைய_வாத்தியார் · வியாழன், காலை 10:02

ஆள் ஓர் இடத்துக்குப் போகிற 'கோ'வை மட்டும். "ப்ரைசஸ் ஹேவ் கான் அப்" என்றால் விலை ஏறிவிட்டது. இறங்கிவிட்டது என்பதற்காக "ஹேவ் பீன் அப்" என்று எழுதாதே. பால் கெட்டுப்போனதும் 'கான்'தான், அது திரும்பி வரப்போவதில்லை.

பின்னலாடை_வினோ · வெள்ளி, மாலை 5:48

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு நடந்ததைக் கேளுங்கள். மேனேஜர் லேப் டிப் பார்த்து மூன்று ஷேடில் இரண்டாவதை எடுத்து, காலையில் பேக் செய்து வைத்தோம். மதியம் பையரிடமிருந்து ஒரே வரி மெயில்: "ஹேஸ் தி கூரியர் பீன்?"

பத்து நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூரியர் பையன் எங்கே போய்விட்டு வந்தானா என்று கேட்கிறார்? 'டு' கூட இல்லையே. பக்கத்து சீட்டுக்காரர் "எதையோ விட்டுட்டு டைப் பண்ணிட்டார்" என்கிறார். பதில் போட பயமாக இருக்கிறது.

பழைய_வாத்தியார் · வெள்ளி, மாலை 6:10

எதையும் விடவில்லை. இது அசல் பிரிட்டிஷ் வழக்கு. "ஹேஸ் தி போஸ்ட்மேன் பீன்?" என்று அங்கே வீட்டுக்கு வீடு கேட்பார்கள். அவர் எங்கோ போனாரா என்பதல்ல கேள்வி. நம்மிடம் வந்துவிட்டுப் போயாயிற்றா என்பதுதான். போய் வருவதற்கு இருக்கிற அதே 'பீன்' இங்கே வந்து போவதற்கும் நிற்கிறது. கூரியர் வந்து எடுத்துக்கொண்டு போயிற்றா?

பின்னலாடை_வினோ · வெள்ளி, மாலை 6:14

நாலு மணிக்கே வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான் சார். 'யெஸ், ஹி ஹேஸ் கான்' என்று போடலாமா? வரவேற்பு_மேசை சொன்னதைப் படித்த பிறகு கை நடுங்குகிறது.

பழைய_வாத்தியார் · வெள்ளி, மாலை 6:19

"யெஸ், ஹி ஹேஸ் பீன் அண்ட் கான்" என்று போடுங்கள். அவர்களே அப்படித்தான் சொல்வார்கள்.

பின்னலாடை_வினோ · வெள்ளி, இரவு 8:37

போட்டேன். பையரிடமிருந்து ஒரு சிரிப்பு பொம்மை வந்திருக்கிறது, கூடவே டிராக்கிங் நம்பர் கேட்டிருக்கிறார்.